ஊரை மறந்த கட்டி

அத்தியாயம் ஏழு

"இவுக இல்ல" என்றாள் சவேரியம்மாள்.

துணியை விலக்கிப் பிடித்திருந்த பிணவறை ஊழியர் அப்படியே நின்றார். கல்குவாரித் தண்ணீரில் மிதந்த உடம்பு அது. முகம் ஊதி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஆனால் சவேரியம்மாள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கையைத்தான் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள் கமர்ஜஹான்.

"பாத்துட்டேம்மா. மோட்டாருக்குக் காயில் கட்டுற கை அவுகளோடது. வார்னிஷ் ஏறி நகமெல்லாம் காப்பிக்கொட்டை நெறத்துல இருக்கும். இது யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."

சொல்லி முடித்ததும் அவளே துணியை இழுத்து அந்த முகத்தை மூடினாள். மொக்கைச்சாமி அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தான். அங்கே காத்திருந்த மகள் ஜெஸ்ஸி, அம்மாவைக் கண்டதும் குழந்தைபோல் அவள் மார்பில் தலையைச் சாய்க்க வந்தாள். ஜெஸ்ஸிக்கு வயது இருபத்தாறு. மனசுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. சவேரியம்மாள் சட்டென்று உடம்பைத் திருப்பி, மகளை வலது பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

கமர்ஜஹான் அதைக் கவனித்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம்களைத் தோண்டி எடுக்கும் வேலையை வெகுகாலம் பார்த்துவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டிருப்பவள் கமர்ஜஹான். அவளுக்கு உதவி, டவுன் பஸ் கண்டக்டராக இருந்து வேலையை விட்ட மொக்கைச்சாமி. "விசில் அடிக்கிற வாய் சும்மா இருக்காது" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவன். ஐம்பதைத் தொட்டும் அந்த வாய் ஓயவில்லை. ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து அதற்கு வேலை இல்லை.

சவேரியம்மாளின் கணவன், நாகல்நகரில் செம்புக் கம்பி சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ராயப்பராஜைத் திங்கட்கிழமையிலிருந்து காணவில்லை. இன்று வியாழன். கிணறு, தண்டவாளம், லாட்ஜ் என்று தேடிக் களைத்து, கடைசியில் பிணவறைக்கும் வந்தாகிவிட்டது.

"அக்கா, திங்கக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் கமர்ஜஹான்.

"காலையில வெளிய போனாக. நானும் பாப்பாவும் ரேஷன் கடைக்குப் போயிட்டோம். திரும்பி வந்தா, அவுக மத்தியானம் வந்து டூல்ஸ் பையைத் தூக்கிட்டுப் போனாகன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. செல்போன் டிவி மேல கெடக்கு. அம்புட்டுதேன்."

"வேற எதையாவது காணோமா?"

சவேரியம்மாள் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். "பாப்பாவோட வலிப்பு மாத்திரை. இதுல ஒரு அட்டை கொறையுதும்மா. மொத்தமா முழுங்கினா ஆளையே கொன்னுரும்னு டாக்டர் அன்னிக்கே சொல்லியிருக்காக. அந்தப் பாழாப்போன டெஸ்டு மட்டும் வராம இருந்திருந்தா..."

கமர்ஜஹான் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த அட்டைகளெல்லாம் பிரிக்காமல் முழுசாக இருந்தன.

"நீங்க தினமும் கிழிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த அட்டை எங்கக்கா?"

"அதத்தான் காணோம்."

"அதுல எத்தனை மாத்திரை மிச்சம் இருந்திருக்கும்?"

"ஒண்ணோ ரெண்டோ. யாரு பாத்தா?"

கமர்ஜஹான் டப்பாவை மூடிக் கொடுத்தாள். "வீட்டுக்குப் போங்கக்கா. போனைப் பக்கத்துலயே வச்சிருங்க. அண்ணே, வண்டியை எடுங்க. சின்னாளபட்டிக்குப் போறோம்."

*

பழைய மாருதி வேன் மதுரை ரோட்டில் திணறிக்கொண்டு ஓடியது.

"ஆளைத் தேடணும்னா கிணத்தைப் பாக்கணும், ரயிலைப் பாக்கணும். ஆராய்ச்சிக்காரம்மாவைப் பாத்து என்ன மேடம் ஆகப்போகுது?" என்றான் மொக்கைச்சாமி.

"அவரை வீட்டை விட்டுத் தள்ளினது எதுவோ, அதைத்தான் முதல்ல பாக்கணும் அண்ணே. மூணு நாளா நாம அவர் எங்க போனார்னு தேடினோம். எது அவரை விரட்டுச்சுன்னு தேடவே இல்லை."

விரட்டியது என்னவென்று ஊருக்கே தெரியும். ராயப்பராஜுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். முதலில் பார்த்த டாக்டர், இது சின்னது, அவசரமில்லை, கவனித்துக்கொண்டே இருப்போம் என்றுதான் சொன்னார். ஆனால் மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ராயப்பராஜின் கட்டியின் துணுக்கை வாங்கி ஜீன் சோதனை செய்தது. அதன் முடிவு வேறு மாதிரி வந்தது. இந்தக் கட்டி வேகமாகப் பரவும், இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. அதை அந்த டாக்டரே ராயப்பராஜின் காதில் போட்டார்.

அந்தச் சோதனையைச் செய்த ஜீவிதா விடுமுறைக்குச் சின்னாளபட்டியில் பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்தாள். தெருவெங்கும் சாயம் சொட்டும் சுங்குடிச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"காணாமப் போயிட்டாரா? மேடம், அந்த முடிவை நோயாளிகிட்டச் சொல்லவே கூடாது. அது இன்னும் ஆராய்ச்சிதான்."

"சொல்லியாச்சும்மா. இப்ப எனக்குப் புரியிற மாதிரி நீங்க சொல்லுங்க. அந்தக் கட்டியில என்னத்தைப் பாத்தீங்க?"

மின்வெட்டு நேரம். ஜீவிதா லேப்டாப்பைத் திறந்தாள். "பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு. புராஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில இருக்கிற சுரப்பி. வயசானா வீங்கி, ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வைக்கும்."

"மேடம், நான் ரெண்டு தடவை எந்திரிக்கிறேன்" என்றான் மொக்கைச்சாமி கலவரமாக.

"நீங்க டீயைக் குறைங்கண்ணே" என்றாள் கமர்ஜஹான். "நீங்க சொல்லுங்கம்மா."

"அதுல வர்ற கேன்சர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. சிலருக்கு இருபது வருஷம் சும்மாவே கெடக்கும். சிலருக்கு ரெண்டே வருஷத்துல எலும்புக்குப் போயிரும். எது எப்படிப் போகும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னுதான் நாங்க பாக்குறோம். ஒரு ஊர்ல எல்லா வீட்டுக்கும் கரண்டு கனெக்ஷன் இருக்குன்னு வைங்க. எந்த வீட்ல லைட் எரியுது, எது அணைஞ்சு கெடக்குன்னு பாத்தா அந்த ஊரைப் பத்திச் சொல்லிரலாம்ல? உடம்புலயும் அப்படித்தான். எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்தான். எது எரியுது, எது அணைஞ்சிருக்குங்கறதுலதான் வித்தியாசம்."

"எங்க ஏரியாவுல எந்த வீட்லயும் எரியல. எங்க கதி என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான் மொக்கைச்சாமி.

ஜீவிதா சிரிக்கவில்லை. திரையில் சிவப்பும் பச்சையுமாக ஆயிரக்கணக்கான கட்டங்கள் விரிந்தன. "சிவப்பு எரியிற ஜீன். பச்சை அணைஞ்சது. பழைய நோயாளிகள் நிறையப் பேரோட கட்டியை இப்படிப் பாத்தோம். அவங்கள்ல யார் பிழைச்சாங்க, யார் செத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதை வச்சுக் கம்ப்யூட்டர் கத்துக்கிச்சு. புராஸ்டேட்டுக்குன்னே சொந்தமாச் சில ஜீன் இருக்கு. அது நல்லா எரிஞ்சா கட்டி சாது. அணைய அணைய, கட்டி தன் சொந்த ஊரையே மறக்குதுன்னு அர்த்தம். ஊரை மறந்தது எங்க வேணாலும் போகும். எலும்பு, ஈரல்..."

"ராயப்பராஜோடது?"

ஜீவிதா ஒரு வரிசையில் விரலை வைத்தாள். முழுக்கப் பச்சை. "சுத்தமா இருட்டு. இதைவிட மோசமா ஒண்ணு எங்ககிட்ட வந்ததே இல்ல மேடம்."

வெளியே சேலைகள் காற்றில் படபடத்தன. மொக்கைச்சாமி அந்தப் பச்சைக் கட்டங்களை எண்ணிப் பார்க்க முயன்றான். ஒரு மனிதனின் ஆயுள் இத்தனை சின்னக் கட்டங்களுக்குள் அடங்கிவிடுமா?

கமர்ஜஹான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மைக்ராஸ்கோப்ல பாத்த டாக்டர் சாதுன்னார். உங்க மெஷின் ராட்சசன்னு சொல்லுது. ரெண்டும் ஒரே கட்டியையா பாத்துச்சு?" என்று மெல்லக் கேட்டாள். "இன்சூரன்ஸ்ல ஒரு கேஸ் வந்துச்சும்மா. விபத்துல ஒருத்தருக்கு ஞாபகம் போச்சுன்னு க்ளைம். பெண்டாட்டி பேர் தெரியல, தெரு தெரியல, அப்பா பேர்கூடத் தெரியல. இம்புட்டு மோசமான மறதியை நாங்க பாத்ததே இல்லைன்னு டாக்டருங்களே அதிசயப்பட்டாங்க. கடைசியில பாத்தா ஆளே வேற. க்ளைமுக்காகக் கொண்டுவந்து படுக்க வச்ச வேற ஊர்க்காரன்."

ஜீவிதா நிமிர்ந்தாள்.

"சொந்த ஊர்ல ஒண்ணுகூட நினைவில்லைன்னா மறந்தவனாத்தான் இருக்கணுமா? அந்த ஊர்ல பொறக்காதவனாவும் இருக்கலாம்ல?"

ஜீவிதாவின் விரல்கள் விசைகளின் மேல் பரபரத்தன. "ஆம்பளைங்களை மட்டும் எடுத்த ஆராய்ச்சி. அதனால இந்த வரிசையை யாரும் திறந்தே பாக்கல... 'எக்ஸிஸ்ட்'னு ஒரு ஜீன் இருக்கு. பொண்ணு உடம்புல எங்க தொட்டாலும் எரியும். ஆம்பளைக்கு அணைஞ்சே கெடக்கும்."

வரிசை விரிந்தது, ஆளுக்கு ஒரு கட்டம். மேலிருந்து கீழே வரைக்கும் பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஒரே ஒரு கட்டம் ரத்தச் சிவப்பாக எரிந்தது.

"அது யாரோடது?" என்றான் மொக்கைச்சாமி. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எஸ். ராயப்பராஜ்னு வந்த கட்டி" என்றாள் ஜீவிதா. "இது ஆம்பளையோடதே இல்ல."

திரை அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மொக்கைச்சாமி வேனைக் கிளப்பியபோது கமர்ஜஹான் வாசலில் நின்று ஜீவிதாவிடம் ஏதோ கேட்டாள். ஜீவிதா பலமாகத் தலையை ஆட்டி மறுப்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

"மேடம்! அப்ப அந்த ரெண்டு வருஷக் கணக்கு அவரைப் பத்தினது இல்ல! உடனே போனைப் போட்டுச் சொல்லிருவோம்!" என்றான் மொக்கைச்சாமி, அவள் வந்து ஏறியதும்.

"எந்த நம்பருக்கு அண்ணே?"

மொக்கைச்சாமியின் கை கியரிலேயே நின்றது. போன் டிவி மேல் கிடந்தது. தனக்கு எழுதப்படாத மரண ஓலையை மடியில் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறான். தடுத்துச் சொல்ல வழியில்லை. ஒருவேளை ஏற்கெனவே எல்லாம் முடிந்திருந்தால்?

அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

*

கட்டியை அறுத்துச் சோதித்த லேப் திண்டுக்கல்லில் ஒரு மாடியில் இருந்தது. படியேறும்போதே மருந்து நெடி கண்ணைக் கரித்தது. டெக்னீஷியன் பொம்மையன் மேஜைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தான்.

"எஸ். ராயப்பராஜோட கட்டி இங்கதானே இருக்கு?" என்றாள் கமர்ஜஹான்.

"எந்த எஸ். ராயப்பராஜ்?"

மொக்கைச்சாமி கமர்ஜஹானைத் திரும்பிப் பார்த்தான்.

பொம்மையன் உள்ளே போய் இரண்டு மெழுகுக் கட்டிகளை எடுத்துவந்து வைத்தான். அறுத்தெடுத்த சதைத் துணுக்கு கெடாமலிருக்க மெழுகில் பதித்து வைப்பார்கள். ஒவ்வொன்றும் கேரம் காய் அளவுதான் இருந்தது. "ரெண்டும் ஒரே வாரத்துல வந்துச்சு. ரெண்டுக்கும் அதே பேருதான்."

கமர்ஜஹான் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்று கனமாக, முழுசாக இருந்தது. மற்றது சீவிச் சீவித் தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது.

"ஆராய்ச்சிக்குன்னு சீவினது இந்த மெலிசு. அப்ப மதுரைக்குப் போயிட்டு வந்தது இதுதான். இது யாரோடது?"

பொம்மையன் அதை வாங்கி எண்ணைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "ஐயய்யோ... இது மார்புக் கட்டிங்க. ஒரு அம்மாவோடது. புருஷன் பேரைப் பின்னால போட்டுக் குடுத்தாங்க. அந்தம்மா பேருக்கும் முதல் எழுத்து எஸ். நான்தான் பேரை மட்டும் பாத்து எடுத்து அனுப்பினேன். என் பொழப்பு போச்சு."

"சவேரியம்மாள்" என்றான் மொக்கைச்சாமி. "மேடம், காலையில அந்தம்மா மகளை..."

"இடது பக்கம் சாய விடல. பாத்தேன் அண்ணே. சதை எடுத்த இடம் இன்னும் வலிக்குது போல." கமர்ஜஹான் பொம்மையனிடம் திரும்பினாள். "அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? அவங்களே வந்து ரிசல்ட்டை வாங்கிட்டுப் போனாங்க. கேன்சர்தான், ஆனா கட்டி சின்னது, உடனே மதுரைக்குப் போய் எடுத்துருங்கன்னு எங்க டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். சரி சரின்னு கேட்டுக்கிட்டாங்க. வீட்ல யாருக்கும் சொல்லிராதீங்கன்னு மட்டும் கும்பிட்டாங்க." அவன் மெழுகுக் கட்டியை மேஜையில் வைத்தான். "நான் அந்த வாக்கைக் காப்பாத்தலைங்க."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"திங்கக்கிழமை காலையில அவங்க வீட்டுக்காரர் வந்தார். வேற ஊர் ஆஸ்பத்திரியில காட்டணும், என் கட்டியைக் குடுங்கன்னார். நான் யோசிக்காம, உங்களோடதா உங்க வீட்டம்மாவோடதான்னு கேட்டுட்டேன். எங்க வீட்டம்மாவுக்கு என்னன்னார். அப்புறம் மறைக்க முடியுமா? கேட்டதும் அந்தப் படியில அப்படியே உக்காந்துட்டார். செத்த நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா ஆளைக் காணோம்."

*

வேனுக்குள் ஏறியும் மொக்கைச்சாமி சாவியைத் திருகவில்லை.

"போச்சு மேடம். தன் சாவுக்குப் பயந்து ஓடல. தானும் போயிருவோம், பெண்டாட்டியும் போயிருவான்னு தெரிஞ்ச மனுஷன். கையில வலிப்பு மாத்திரை வேற. குவாரியில இன்னொரு தடவை..."

"டப்பாவுல மிச்சம் இருந்த அட்டை எல்லாம் எப்படி இருந்துச்சு?"

"பிரிக்காம, முழுசா."

"சாகறதுக்கு மாத்திரை தேடுறவன் அம்புட்டு முழு அட்டையையும் விட்டுட்டு, ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கிற கிழிசலையா எடுப்பான்? மாத்திரையைத் தவிர அட்டையில வேற என்ன அண்ணே இருக்கு?"

மொக்கைச்சாமி விழித்தான். "மருந்தோட பேரு."

"அதேதான். மாத்திரைக்காக எடுக்கல. யார்கிட்டயோ காட்டறதுக்கு எடுத்திருக்கார். என் மகளுக்கு வலிப்பு வரும், இந்த மருந்தைத்தான் குடுக்கணும்னு. ரெண்டு பேரும் இல்லாத நாள்ல ஜெஸ்ஸியை யார் பாத்துப்பாங்க? அவங்ககிட்டத்தான் போயிருக்கார்."

மொக்கைச்சாமி செல்போனை எடுத்துவிட்டான். ஜெஸ்ஸி போன்ற பிள்ளைகளுக்கான இல்லங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த ரோட்டில் இருக்கின்றன என்று அவனுக்கு அத்துப்படி. அந்த ஸ்டாப்களில் அவனே விசில் அடித்திருக்கிறான். அந்தப் பஸ்களில் ஓடும் பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தான். பழநி ரோடு கண்டக்டர் இல்லை என்றார். நத்தம் ரோட்டிலும் இல்லை. திருச்சி ரோட்டு டவுன் பஸ்ஸில் ஓடும் முகமது பாரூக்தான் பிடி கொடுத்தார்.

"ஆமா மொக்கை. ஒரு பெரியவர். வார்னிஷ் வாடை அடிக்கிற பையைக் கீழ வைங்கன்னா கேக்காம மடியிலயே வச்சிருந்தாரு. வடமதுரைக்கு முன்னாடி சிஸ்டருங்க ஹோம் இருக்குல்ல, அங்கதான் இறங்குனாரு. மிச்சச் சில்லறைகூட வாங்கல."

*

சவேரியம்மாளையும் ஜெஸ்ஸியையும் ஏற்றிக்கொண்டு வேன் வடமதுரைக்குப் போனது. வழி நெடுக சவேரியம்மாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "உசிரோட இருக்காகளா?"

"இருக்காருன்னுதான் நம்புறோம்க்கா" என்றாள் கமர்ஜஹான்.

மொக்கைச்சாமி ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணைத் தேற்ற நினைத்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் இடது கையை உடம்போடு ஒடுக்கி வைத்திருப்பது தெரிந்தது. ரோட்டுப் பள்ளங்களை ஒதுக்கி வண்டியை ஓட்டினான்.

தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டுக் கட்டடம். பின்பக்கம் போர்வெல் ஷெட்டில், பிரித்துப்போட்ட மோட்டாருக்கு முன்னால் ஒருவன் குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஷேவ் செய்யாத முகம். காப்பிக்கொட்டை நிற நகங்கள்.

"ப்பா!" என்று கத்திக்கொண்டு ஜெஸ்ஸி ஓடினாள்.

ராயப்பராஜ் நிமிர்ந்தான். மகளைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்ததும் அவனுடைய முகம் கோணியது.

"பொணத்தை எல்லாம் புரட்டிப் பாக்க வச்சுட்டீகளே" என்றாள் சவேரியம்மாள். "நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"போனைக் கையில வச்சிருந்தா உன் குரலைக் கேட்டு உளறிருவேன்னுதான் விட்டுட்டு வந்தேன்." கம்பியைக் கீழே வைத்தான். "இங்க மோட்டார் எரிஞ்சு கெடந்துச்சு. காசு வேணாம், ரெண்டு மூணு நாள் தங்கிக் கட்டித் தாரேன்னேன். தங்கினாத்தானே பாக்க முடியும்? சோறு சூடாப் போடுறாகளா, பிள்ளைகளை அடிக்கிறாகளா, எல்லாத்தையும் பாத்தேன். வலிப்பு வந்த பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு ஒரு சிஸ்டர் விடிய விடிய உக்காந்திருக்காக. நல்ல இடந்தேன் சவேரி. கேடுகெட்ட இடமா இருந்திருந்தா, இங்கன விடமாட்டேன்னு அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பேன். நல்லா இருக்கு. பிள்ளைய விட்டுத்தான் ஆகணும்னு ஆயிருச்சு, அதான் வர முடியல."

"பாப்பாவை எதுக்கு இங்க விடணும்? நான் இல்லையா?"

ராயப்பராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "நீ இருப்பியா?"

சவேரியம்மாளின் கை தானாக முந்தானையை இழுத்து மார்பை மூடியது.

"லேப்புல சொன்னாக" என்றான். "ஏண்டி மறைச்ச?"

"சொன்னா உங்க வைத்தியத்தைத் தூக்கிப் போட்டுட்டு என் பின்னாடி அலைவீக. ரெண்டு வருஷம்னு சொன்ன மனுஷன்கிட்ட இதையும் எந்த வாயால சொல்ல?"

கமர்ஜஹான் முன்னால் வந்தாள். "அண்ணே, அந்த ரெண்டு வருஷம் உங்களுது இல்ல. மதுரைக்குப் போனது உங்க கட்டியே இல்ல. பேரைப் பாத்து மாத்தி அனுப்பிட்டாங்க."

ராயப்பராஜுக்குப் புரியவில்லை. சவேரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "என்னோடதா போச்சு?"

"ஆமாக்கா."

மொக்கைச்சாமி தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப ரெண்டு வருஷம் எனக்கு" என்றாள் சவேரியம்மாள். பிறகு, பெருமூச்சு விட்டு, "சரி, அவுகளுக்கு இல்லைல்ல?" என்று கேட்டாள்.

"சவேரி!" என்று அலறினான் ராயப்பராஜ்.

"உங்களுக்கும் இல்லக்கா" என்றாள் கமர்ஜஹான். "பொம்பளைக்கு இந்தக் கணக்கு பொருந்துமான்னுதான் டெஸ்டு செஞ்ச பொண்ணு ஜீவிதாகிட்ட வாசல்ல நின்னு கேட்டேன். இது புராஸ்டேட்டை அளக்குற கணக்கு. அது இல்லாத உடம்புல அந்த லைட் எப்படி எரியும்? அந்த இருட்டுக்குப் பொம்பளை விஷயத்துல எந்த அர்த்தமும் இல்லன்னு அடிச்சுச் சொல்லுச்சு. அந்த ரெண்டு வருஷம் யாரோடதும் இல்லக்கா. உங்க கட்டி சின்னது, எடுத்துரலாம்னுதான் லேப் டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க மூடி வச்ச ஒவ்வொரு நாளும்தான் உங்களுக்குக் கெடுதல்."

ஜெஸ்ஸி தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னோடது?" என்றான் ராயப்பராஜ்.

"அந்த ஜீன் டெஸ்டுல இன்னும் யாரும் பாக்கவே இல்ல. சரியான கட்டியை நாளைக்கு நானே எடுத்துக் குடுத்து அனுப்புறேன். நல்லதாவும் வரலாம். கெட்டதாவும் வரலாம்."

"வேணாம்மா. அதைத் தெரிஞ்சு நான் பட்ட பாடு போதும். முதல்ல இவளைப் பாருங்க."

"ரெண்டையும் பாக்கட்டும்" என்றாள் சவேரியம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கமர்ஜஹானிடம் திரும்பினாள். "ஆனா ஒண்ணும்மா. இவுகளுக்கு என்ன வந்தாலும் என்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு வந்ததை இவுககிட்டச் சொல்லச் சொல்லுங்க. அவங்கவங்க நோவை அவங்கவங்க ஒளிச்சு வச்சுக்கிறது இனிமே எங்க வீட்டுல ஆகாது."

ராயப்பராஜ் மோட்டாருக்கு முன்னால் மறுபடி குந்தினான். மிச்சமிருந்த காயிலைக் கட்டி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து வேனில் ஏறினான். கிழிந்த மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்தான்.

திண்டுக்கல் வந்தது. நாகல்நகர்ப் பக்கம் வண்டியைத் திருப்பப் போனான் மொக்கைச்சாமி. பின்னாலிருந்து சவேரியம்மாளின் குரல் வந்தது.

"வீட்டுக்கு வேணாம்ணே. நேரா மதுரைக்கு விடுங்க."